கதவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு

அன்புள்ள வீட்டாருக்கு,

உங்கள் வீட்டில் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் போனில் யாரிடமோ பேசத் தொடங்கியிருக்கிறார். மகளோ மகனோ, மருமகளோ, கணவரோ, வேலை தேடி வந்து உங்களோடு தங்கியிருக்கும் தம்பியோ. கேட்டால் 'கவுன்சிலிங்' என்கிறார். அல்லது 'ஆபீஸ் கால்' என்கிறார், நீங்கள் நம்பவில்லை. அந்தப் பக்கம் பேசுகிற ஆள் நான். நானேதான் என்றில்லை, என்னைப் போல ஆன்லைனில் மனநல ஆலோசனை தருகிற யாரோ ஒருவர். முதல் செஷனுக்கு எப்படித் தயாராவது, என்ன கேட்பார்கள், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் அவருக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. அதனால்தான் இந்த மடல். இதில் வேண்டுகோளும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. மனத்தாங்கலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அறைப்பக்கம் வருவது எனக்குத் தெரிந்துவிடும். பேசிக்கொண்டிருப்பவரின் கண் திரையை விட்டு ஒரு பக்கமாக ஓடும். குரல் பாதியாகும். தொண்டை வரை வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு, "ஓகே மேம், அந்த ஷீட்டை அப்டேட் பண்ணி அனுப்பிடறேன்" என்பார். நானும் உடனே மேலதிகாரியாகி, "சரி, ஈவினிங்குள்ள அனுப்பிடுங்க" என்பேன். முதல் நாளே நாங்கள் பேசிவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அறைக்குள் யாராவது வந்தால் என்ன சொல்வது, எப்படிப் பேச்சை மாற்றுவது என்பதை முடிவு செய்யாமல் ஆன்லைனில் நான் யாரிடமும் தொடங்குவதில்லை. காபி டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்கும். "யாருடி அது?" "ஆபீஸ்ம்மா." கதவு திரும்பச் சாத்தப்படும், முழுதாக அல்ல, ஒரு சாண் திறந்தபடியே. அதன் பிறகு அன்றைக்கு எங்கள் பேச்சு விட்ட இடத்துக்குத் திரும்புவதேயில்லை. அரை மணி நேரம் செலவழித்துச் சொல்லத் துணிந்த ஒரு விஷயம் அந்தக் காபியோடு உள்ளே போய்விடும். கட்டின பணமும் போகும், அது வேறு.

(இங்கே எழுதுகிற எதுவும் ஒருவருடைய கதை அல்ல. பலரிடம் பார்த்ததைக் கலந்து, ஆள் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்த மாதிரியே இருந்தால், அது எல்லா வீட்டிலும் நடக்கிறது என்பதுதான் காரணம்.)

வீட்டில் இடம் கிடைக்காதவர்கள் எங்கிருந்தெல்லாம் பேசுகிறார்கள் தெரியுமா? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காய்கிற துணிகளுக்கு நடுவே. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், காரின் பின் சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு. குளியலறையில், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு. பைக்கைச் சாலையோரம் நிறுத்தி, முகம் தெரியக்கூடாதென்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசியவர்களும் உண்டு. தூக்கம் வராத ஒருவர், வேலையில் கவனம் நிற்காத ஒருவர், தன் மனதைத் திறக்க வாகனப் புகைக்கு நடுவே இடம் தேடுகிறார். சொந்த வீட்டில் கட்டில் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது.

உங்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், நான்கு பேர் என்று வாழும் வீட்டில் கதவு சாத்துவதே ஒரு செய்தியாகிவிடுகிறது. நம் வீடுகளில் வயதுக்கு வந்த பிள்ளை தாழ்ப்பாள் போட்டால், "அப்படி என்ன ரகசியம்?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். காபி கொண்டுவந்த அம்மாவும் அக்கறையில்தான் வந்தார். இருந்தாலும் சொல்கிறேன்: அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அக்கறையைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

"இதுக்கு நேர்லயே போலாமே, போன்ல பேசினா என்ன ஆகப்போகுது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நேரில் போகவிடாமல் செய்ததில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இன்றும் ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளித்து வருகிறது. நாம் அதன் ஊர்ப்பெயரைக் கேலிக்கு வைத்துக்கொண்டோம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரித்து வளர்ந்த பிள்ளை, மனநல மருத்துவரின் வராந்தாவில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறது. சிறிய ஊர்களில் இன்னொரு சிக்கல்: பயிற்சி பெற்ற உளவியலாளரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்கோ அதையும் தாண்டியோ பஸ் ஏற வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். இந்தத் தடைகளைத் தாண்ட ஒரு போன் போதும் என்று ஆனபோதுதான் பலர் முதல்முறையாக வாயைத் திறந்தார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோ வழியாகத் தரும் சிகிச்சை, நேரில் தருவதற்கு ஒப்பான பலன் தருவதாக ஆய்வுகளும் காட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் அல்ல. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போதும், காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நிலையில் இருக்கும்போதும் நேரில் மருத்துவரைப் பார்ப்பதே சரி. பொறுப்புள்ள எந்த ஆலோசகரும் அதை முதலில் சொல்லிவிடுவார்.

சரி, கதவுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது? பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. முதலில் ஒரு படிவம் வரும். பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள், முன்பு பார்த்த சிகிச்சை, இப்போது இருக்கும் முகவரி. கடைசியில் ஒரு கட்டம்: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? உங்களிடம் எதையும் சொல்லாத அதே பிள்ளை அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் எழுதுவது உங்கள் எண்ணைத்தான். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு செஷனும் "இப்போ எங்க இருக்கீங்க?" என்ற கேள்வியில்தான் தொடங்கும். நலம் விசாரிப்பு அல்ல அது. திரைக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஆனால் உதவியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதற்காக. நெட் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்றும் முன்பே முடிவாகியிருக்கும். பிறகு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பேச்சு. முதல் நாள் பெரும்பாலும் நான்தான் கேள்வி கேட்பேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, எப்போதிலிருந்து இப்படி, எது செய்தால் கொஞ்சம் லேசாகிறது. சிலருக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பதுண்டு. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தது, எத்தனை நாள் களைப்பாக இருந்தது என்கிற மாதிரி. தமிழிலும் இருக்கிறது. 27க்கு எத்தனை என்று ஒரு எண் வரும். அது நோயின் முத்திரை அல்ல. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதற்கான குறிப்பு, அவ்வளவுதான். "ரிப்போர்ட் குடுங்க" என்று என்னிடம் கேட்கும் அப்பாக்களுக்குச் சொல்கிறேன்: ஸ்கேன் மாதிரி காட்டக்கூடிய ரிப்போர்ட் எதுவும் இதில் கிடையாது. தைராய்டுக் கோளாறும் சோர்வாக, தூக்கமின்மையாகத் தலைகாட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரிடம் போகச் சொல்வோம். அந்தச் சீட்டை வேண்டுமானால் நீங்கள் பார்க்கலாம்.

இன்னொரு கேள்வியையும் நேரடியாகக் கேட்போம். "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" இதைக் கேட்டதாகத் தெரிந்து சண்டைக்கு வந்த பெற்றோர் உண்டு. இல்லாத நினைப்பை நான் விதைத்துவிட்டேனாம். அப்படி விதைக்கவே முடியாது. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களுக்கு அது ஒரு விடுதலை. நீங்களும் கேட்கலாம். கேட்டுவிட்டு, பதிலுக்குத் திட்டாமல் இருந்தால் போதும்.

நீங்கள் எங்களிடம் எதிர்பார்ப்பது வேறு. "நீங்க சொன்னா கேப்பான் மேடம், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." "இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்க வைங்க." "எத்தனை சிட்டிங்ல சரியாகும்?" எடுத்துச் சொல்லவோ ஒத்துக்கொள்ள வைக்கவோ நாங்கள் இல்லை. அதற்கு வீட்டிலேயே ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். எத்தனை முறை என்பதையும் முதல் நாளே சொல்ல முடியாது. மூன்று நான்கு முறை பேசிய பிறகு, எதை நோக்கிப் போகிறோம், ஏறக்குறைய எவ்வளவு காலம் என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்வோம். இடையில் "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று ஜாதகத்தை எடுக்காதீர்கள். கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், நேர்த்திக்கடன் இருந்தால் செலுத்துங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு முன்பின் தெரியாத இன்னொருவரை மருந்தாகக் கட்டிவைப்பது இரண்டு பேருக்கும் செய்கிற அநியாயம்.

"எங்களப் பத்தி என்ன சொன்னா?" உங்கள் மனதில் ஓடுவது இதுதான் என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷம் வளர்த்ததை எல்லாம் எவளோ ஒருத்தி முன்னால் உட்கார்ந்து குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறாளோ என்ற பயம். என்ன பேசினோம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம். பல வாரங்கள் பேச்சு மேனேஜரைப் பற்றியே போகும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் நடந்தது, கடன், உடம்பு, ஒரு பிரிவு. பெற்றோரைப் பற்றி வரும்போதும், நான் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் "இல்ல மேம், அவங்களும் பாவம்" என்று உங்களுக்காக வாதாடுகிறவர்களே அதிகம்.

சொல்லாமல் இருப்பது என் பிடிவாதமும் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது அவருடைய உரிமை என்கிறது. தன் சார்பில் பேச யாரை நியமிப்பது என்பதைக்கூட வயது வந்தவர் தானே முடிவு செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் விஷயம் வேறு. உங்கள் சம்மதம் இல்லாமல் தொடங்க முடியாது, உங்களோடும் தனியாகப் பேசுவோம். அப்போதும், எதை உங்களிடம் சொல்வோம், எதைச் சொல்ல மாட்டோம் என்று மூவரும் முதலிலேயே பேசிக்கொள்வோம். ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. அவருடைய உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். படிவத்தில் இருக்கும் உங்கள் எண்ணுக்கு முதல் அழைப்பு வரும். இதை உங்கள் பிள்ளைக்கும் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

அடுத்த சில வாரங்களில் நீங்கள் பார்க்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். கதவைத் திறந்து வரும்போது கண் சிவந்திருக்கலாம். சாப்பிடாமல் படுத்துக்கொள்ளலாம். மூடி வைத்ததைத் திறக்கும் முதல் சில வாரங்கள் பலருக்குப் பாரமாகவே இருக்கும். "காசையும் குடுத்துட்டு அழுதுட்டு வர்றா" என்று அங்கலாய்க்காதீர்கள். "என்ன பேசினீங்க?" வேண்டாம். "சாப்பிடறியா?" போதும்.

ஒரு நோட்டு கண்ணில் படும். இன்ன இடத்தில் இன்னது நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, எப்படி இருந்தது என்று எழுதச் சொல்வது எங்கள் வேலையின் ஒரு பகுதி. தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒரு முறை பிரித்தீர்கள் என்று தெரிந்தால் அதற்கப்புறம் அந்த நோட்டில் பொய்தான் எழுதப்படும். சாயங்காலம் நடக்கப் போகச் சொல்லியிருப்போம். மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழாதவருக்கு அது மருந்து மாதிரி. "சும்மா தானே போற, அப்படியே மாவு வாங்கிட்டு வந்துடு" என்று அதை வேலையாக மாற்றாதீர்கள். (எத்தனை வீட்டில் அந்த நடை இட்லி மாவில் முடிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.)

இதையெல்லாம்விட உங்களைத் தைக்கப்போவது வேறொன்று. எப்போதும் தலையாட்டிய பிள்ளை ஒருநாள், "நீங்க எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினா எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லும். அல்லது "இந்த வாரம் என்னால ஊருக்கு வர முடியாது" என்று, காரணம் எதுவும் கற்பிக்காமல், சொல்லும். வாய் நீண்டுவிட்டது, அந்த மேடம்தான் ஏத்திவிடுகிறாள் என்று தோன்றும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் எத்தனை நாள் என்னோடு ஒத்திகை பார்த்தார், எத்தனை முறை "வேணாம் மேம், அப்பா மனசு கஷ்டப்படும்" என்று பின்வாங்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களை வெட்டிவிடுவதற்காகச் சொல்கிறவர் இப்படித் திணறமாட்டார். பேசாமல் போனை எடுக்காமல் விட்டுவிடுவார். உங்களோடு இருக்க விரும்புவதால்தான் சொல்கிறார்.

உங்கள் சந்தேகங்களில் நியாயமானவையும் இருக்கின்றன. போனில் பேசுகிற ஆள் யார், படித்தவரா, ஏமாற்றுக்காரரா? கேளுங்கள், ஆனால் ரகசியமாக எனக்கு போன் போட்டு அல்ல, உங்கள் பிள்ளையிடம் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண் கேட்டால் தயங்காமல் தருவார். ஆலோசகர்கள் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை படித்திருப்பார்கள். இந்த இரண்டு தரப்பாரும் மாத்திரை தரக்கூடாது. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்கிறவர்களும் இந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. நள்ளிரவில் கூப்பிட்டுச் சொந்தக்கதை பேசுகிறவர், டாக்டர் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்தச் சொல்கிறவர், இத்தனை நாளில் குணம் என்று உத்தரவாதம் தருகிறவர், இவர்களில் யாராக இருந்தாலும் விலகிவிடச் சொல்லுங்கள்.

செயலிகளைப் பற்றிய பயமும் வீண் அல்ல. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ஆலோசனைக்கு வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் உடல்நலம் சார்ந்த விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கட்டும்படி ஆயிற்று. அதனால் எங்கே தகவல் சேமிக்கப்படுகிறது, பேச்சு பதிவாகிறதா, கட்டணம் எவ்வளவு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் போகுமா என்று கேட்பது உரிமை. கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியும் போகிறது. கட்ட முடியாத வீட்டுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவை. இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா அமைப்பும் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் குரலைக் கேட்கிறது. நீங்களும் கூப்பிடலாம். பிள்ளையின் நிலையைப் பார்த்துத் தூக்கம் இழந்த அம்மாவும் அப்பாவும் அங்கே அந்நியர்கள் இல்லை.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். கதவுக்கு வெளியே நிற்பவரே அடிக்கிறவர் என்றால், அந்த வீட்டிலிருந்து ஆன்லைனில் பேசுவது பாதுகாப்பில்லை. உள்ளே இருக்கும் பெண்ணுக்கு 181 என்ற உதவி எண்ணும், வெளியே பத்திரமான ஓர் இடமும்தான் முதல் தேவை. அந்த வீட்டுக்காரருக்கு இந்த மடலில் நான் எழுத எதுவும் இல்லை.

மற்ற எல்லோரிடமும் கேட்பது இவ்வளவுதான். செவ்வாய் ஏழு மணியோ ஞாயிறு பதினொன்றோ, அந்த நேரத்தை அவருக்கென்று விட்டுவிடுங்கள். முடிந்தால் நல்ல நெட் வரும் அறையைக் கொடுங்கள். அந்த நேரத்தில் விருந்தாளி வந்தால், "உள்ள வேலையா இருக்கா" என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். தாங்கள் கேட்காமலே வீட்டில் ஒருவர் தங்களுக்காக ஒரு பொய் சொன்னார் என்பதை என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. கதவைத் தட்டாதீர்கள், குட்டித் தம்பியை உளவுக்கு அனுப்பாதீர்கள், முடிந்து வெளியே வந்ததும் முகத்தைப் படிக்காதீர்கள். என்றாவது அவரே "ஒரு நாள் நீங்களும் வர்றீங்களா? மேம் எல்லாரும் சேர்ந்து பேசலாம்னாங்க" என்று கூப்பிட்டால், வேலையை ஒதுக்கிவிட்டு வாருங்கள். தீர்ப்பு சொல்லக் கூப்பிடவில்லை.

அதுவரை ஒரு சின்ன உதவி. உள்ளே இருப்பவருக்கு இருக்கும் பெரிய பயம், தான் பேசுவது ஹாலுக்குக் கேட்டுவிடுமோ என்பதுதான். அதனால் அந்த நேரம் வந்ததும் டிவி சத்தத்தை நன்றாகவே கூட்டி வையுங்கள். சீரியலோ கிரிக்கெட்டோ, எதுவானாலும் சரி.

அன்புடன்,
அந்தப் பக்கம் பேசுகிற ஒருத்தி